தறிவீட்டு மாடிக்கு எத்தனை அங்குலக் காப்பு?

சென்ற சித்திரை மாதத்தில் நெசவாளர் சங்கமொன்றின் மேற்பார்வைக்காகச் சென்றிருந்தேன். பகல் இரண்டு மணி. ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். பழைய கீற்றுக் கொட்டகையில் தறியின் ஓசை நிற்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அதற்கு அடுத்த புதிய காரை வீட்டிலோ தறி ஓய்ந்து கிடந்தது. அவ்வீட்டிற்குரிய அங்கத்தினர் கையில் விசிறியுடன் திண்ணையில் அமர்ந்திருந்தார்.

“பன்னிரண்டு மணிக்கு மேல் உள்ளே உட்கார முடியவில்லை, ஐயா. பிடிவாதமாக உட்கார்ந்தாலும் பாவு அறுகிறது” என்றார்.

மாடியின் மேல் நான்கு அங்குலக் கனத்துக்கு வெப்பக் காப்புப் பலகை போடவேண்டுமென்று வியாபாரி ஒருவர் எழுதித் தந்த மதிப்பீடு அவர் கையில் இருந்தது. அதைக் காட்டிக் கடன் சங்கத்தில் பணம் கேட்க எண்ணியிருந்தார். “நான்கு அங்குலம் வேண்டுமா, இரண்டு போதுமா?” என்பது அவர் கேள்வி. இக்கேள்வி அவர் ஒருவருடையது அன்று. 2010-ஆம் ஆண்டின் கலைஞர் வீடு வழங்கும் திட்டம், 2011-ஆம் ஆண்டின் 300 சதுர அடிப் பசுமை வீடு, 2024-இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் எனப் பல திட்டங்களின் வாயிலாகக் குடிசைகள் காரை வீடுகளாக மாறி வருகின்றன. தீயையும் மழையையும் அஞ்சாமல் குடியிருக்க இம்மாற்றம் அவசியமே. ஆயினும் கீற்றுக் கூரை தந்த குளிர்ச்சி அத்துடன் போய்விட்டது. அதை மீட்க எவ்வளவு செலவிடுவது நியாயம் என்பதை அங்கத்தினர்கள் தாமே கணக்கிட்டு அறிந்துகொள்வது நலம்.

வெப்பம் வரும் வழி

வெயில் காலத்தில் நண்பகல் சூரியன் ஏறக்குறையத் தலைக்கு நேராக நிற்கிறது. அதன் வெப்பம் சுவர்களைக் காட்டிலும் மாடியின் மீதே அதிகமாக விழுகிறது. வெறும் சிமிட்டித் தளத்தின் மேற்பரப்பு காற்றின் வெப்பத்தை விடப் பல டிகிரி மிகுந்து, கோடையில் 60 டிகிரி செல்சியஸ் வரையிலும் ஏறுவதுண்டு. நான்கு அங்குலக் காங்கிரீட் அவ்வெப்பத்தை எளிதில் உள்ளே கடத்திவிடுகிறது. மாலையில் வெயில் தணிந்த பிறகும் தளம் தான் குடித்த வெப்பத்தைக் கீழே உமிழ்ந்துகொண்டேயிருக்கும்.

கீற்றுக் கூரையில் ஓலைகளுக்கு இடையே அசையாத காற்று தங்கியிருக்கிறது. அசையாத காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. கம்பளி நம்மைக் குளிரினின்று காப்பதும், மாடியில் பானைகளைக் கவிழ்த்துவைத்து மேலே சாந்து பூசும் முறை வீட்டைக் குளிரவைப்பதும் இக்காரணத்தாலேயே. தெர்மோகோல், எக்ஸ்.பி.எஸ். பலகை முதலியனவும் காற்றையோ வேறொரு வாயுவையோ சிறுசிறு அறைகளில் அடைத்துவைத்த பொருள்களே. தெர்மோகோல் பலகையின் ஓர் அங்குலம், வெப்பத்தைத் தடுப்பதில் நாற்பது அங்குலத்துக்கு மேற்பட்ட காங்கிரீட்டுக்குச் சமம்.

நெசவாளர்க்கு இதில் மற்றொரு நட்டமும் உண்டு. அறையின் காற்று சூடேறினால் அதிலுள்ள ஈரம் அதே அளவில் இருந்தாலும், சூட்டுக்கு ஒப்பிட அது போதாமற் போகும். பருத்தி இழை காய்ந்து வலுக் குன்றும், பாவு அறும். நம் முன்னோர் தறியைக் குழியில் அமைத்துப் பாவைத் தரைக்கு அருகே ஓடவிட்டதன் பயன்களுள் ஒன்று, மண்ணின் ஈரமும் குளிர்ச்சியும் இழைக்குக் கிட்டியதே.

முதல் அங்குலத்தின் பெருமை

இனி நான்கு அங்குலக் கேள்விக்கு வருவோம். காப்பு ஏதுமற்ற நான்கு அங்குலக் காங்கிரீட் தளத்தின் வழியே உள்ளே புகும் வெப்பத்தை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். தெர்மோகோல் போன்ற பலகையைப் பரப்பினால் அது எவ்வாறு குறையும் என்பதைப் பொறியியற் கணக்குப்படி கீழே தருகிறேன்:

காப்பு இல்லாத தளம்: 100 பங்கு
ஓர் அங்குலப் பலகை: 28 பங்கு
இரண்டு அங்குலம்: 16 பங்கு
மூன்று அங்குலம்: 11 பங்கு
நான்கு அங்குலம்: 9 பங்கு

முதல் அங்குலம் 72 பங்கைத் தடுத்துவிட்டது. இரண்டாவது அங்குலம் தடுத்தது 12 பங்கு, மூன்றாவது 5, நான்காவது 2 அல்லது 3. நான்கு அங்குலத்துக்கும் பலகையின் விலை ஒன்றே. பயன் மட்டும் படிப்படியாகச் சுருங்குகிறது. காரணம் எளிது. இரண்டாவது பலகை தடுக்க வேண்டியது முதற் பலகையைக் கடந்து வந்த எச்சத்தை மட்டுமே. மேலும், மாடி வழி அடைபட்டபின் வெப்பம் சன்னல் வழியாகவும் மேற்குச் சுவர் வழியாகவும் வந்துகொண்டிருக்கும். அதை மூன்றாவது அங்குலத்தால் தடுக்க இயலாது. சன்னலுக்கு மேல் ஒரு சாய்ப்பு இறக்கினால் தடுக்கலாம்.

எரிசக்தித் திறன் பணியகம் குடியிருப்புக் கட்டடங்களுக்கென 2018-இல் வெளியிட்ட ‘ஈகோ நிவாஸ் சம்ஹிதா’ என்னும் விதித்தொகுப்பு, கூரையின் ஒரு சதுர மீட்டர் வழியாக ஒரு டிகிரி வேறுபாட்டுக்கு 1.2 வாட்டுக்கு மேல் வெப்பம் புகலாகாது என்று வரையறுத்துள்ளது. வெறுந்தளத்தில் இது ஏறத்தாழ 3.7 வாட். ஓர் அங்குலப் பலகை போட்டால் ஏறத்தாழ 1 வாட். அதாவது, ஓர் அங்குலமே அவ்வரையறையை நிறைவு செய்துவிடுகிறது.

செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குலம் பரப்பி, மேலே தட்டோடு பதித்த மாடிகளும் நம்மிடையே உண்டு. இவற்றின் வழியே புகும் வெப்பம் ஏற்கெனவே 100-லிருந்து 68 பங்காகக் குறைந்துள்ளது. ஓர் அங்குலப் பலகை சேர்த்தால் 25 பங்காகும். இத்தகைய வீட்டார்க்குக் கிட்டும் ஆதாயம் 72 பங்கு அன்று, 43 பங்கே. ஆகவே தமது மாடியில் இப்பொழுது என்ன இருக்கிறது என்று பார்த்த பின்னரே மேற்கொண்டு சிந்திக்க வேண்டும்.

இங்கிலாந்தில் ஓட்டுக் கூரையின் கீழுள்ள பரணில் 270 மில்லிமீட்டர், அதாவது பத்து அங்குலத்துக்கு மேல், கம்பளி போன்ற காப்புப் பொருளைப் பரப்புமாறு அறிவுரை கூறப்படுகிறது. அங்கே குளிர்காலத்தில் பல மாதங்கள் இரவும் பகலும் வீட்டினுள்ளே எரிபொருள் செலவிட்டுச் சூடேற்ற வேண்டும். ஆதலின் ஒவ்வோர் அங்குலமும் எரிபொருளை மிச்சப்படுத்துகிறது. நாம் வீட்டைச் சூடேற்றுவதில்லை. நம்மில் பெரும்பாலோர் குளிர்சாதனமும் வைத்ததில்லை. அந்நாட்டு அளவு நமக்கு அளவாகாது.

செலவும் வரவும்

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். ஆகவே கணக்கிடும் முறையை மட்டும் விளக்க, சில தொகைகளைக் கற்பனையாகக் கொள்வோம். மாடி 300 சதுர அடி. நீர்க்கசிவுத் தடுப்பு, சாந்து, தட்டோடு, கூலி எல்லாம் சேர்ந்து சதுர அடிக்கு 100 ரூபாய். பலகை அங்குலம் ஒன்றுக்குச் சதுர அடிக்கு 40 ரூபாய். முதல் அங்குலம் போட்டு முடிக்க 42,000 ரூபாய் ஆகும். அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 12,000 ரூபாய். ஒரு பங்கு வெப்பத்தைத் தடுக்க முதல் அங்குலத்தில் ஏறக்குறைய 583 ரூபாயும், இரண்டாவதில் 1,000 ரூபாயும், மூன்றாவதில் 2,400 ரூபாயும் செலவாகின்றன.

வரவைப் பார்ப்போம். கோடையில் 60 நாட்கள், நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் தறி நிற்கிறது என்றால் 120 மணி நேரம். எட்டு மணி வேலையாகக் கொண்டால் 15 நாட்கள். நாள் வருவாய் 500 ரூபாய் எனில் ஆண்டு நட்டம் 7,500 ரூபாய். காப்பினால் இதில் பாதி மீளுமென்று அடக்கமாகவே கொள்வோம், 3,750 ரூபாய். கடன் வாங்கி 42,000 ரூபாய் செலவிட்டவர் முதலை மட்டும் எடுக்கவே பதினோர் ஆண்டுகள் ஆகும். வட்டி வேறு. இது தாங்கத்தக்க கடன் அன்று.

ஆனால் மாடி ஒழுகுகிறது, தட்டோட்டைப் பெயர்த்து மறுபடி பதித்தே ஆகவேண்டும் என்ற நிலை வந்துவிட்டால் கணக்கு அடியோடு மாறுகிறது. சாந்து, தட்டோடு, கூலி ஆகிய 30,000 ரூபாய் எப்படியும் செலவாகப் போவது. அப்பொழுது முதல் அங்குலத்தின் தனிச்செலவு 12,000 ரூபாயே. மூன்றாண்டுகளுக்குச் சற்று மேல் மீண்டுவிடும். புது வீடு கட்டுவோர்க்கும் இதே கணக்கு. ஆகவே “எவ்வளவு?” என்ற கேள்விக்கு முன்னதாக “எப்பொழுது?” என்ற கேள்வியைக் கேட்க வேண்டும். மாடியைத் திறக்கும் காலமே காப்புக்குரிய காலம்.

அக்காலத்தில் ஓர் அங்குலத்தைத் தவறவிடலாகாது. இரண்டாவது அங்குலம், நாள் முழுதும் அம்மாடியின் கீழேயே உழைப்பவர்க்கும், வெப்பத்தால் பெருநட்டம் அடையக்கூடியவர்க்கும் உரியது. பட்டுப்புழு வளர்க்கும் விவசாய அங்கத்தினர்கள் இவ்வகையினர். முதிர்ந்த புழுக்களுக்கு ஏறக்குறைய 25 டிகிரி வெப்பமே ஏற்றது; அதற்கு வெகுவாக மிஞ்சினால் ஒரு முறை வளர்ப்பு முழுவதுமே கெடக்கூடும். அவர்கள் இரண்டு அங்குலம் போடுவது விரயமாகாது. மூன்றாவது அங்குலத்துக்குக் கடன் வாங்குவதை நான் எவருக்கும் சொல்லமாட்டேன்.

அதுவரை செய்யத்தக்கவை

மாடியைத் திறக்கும் காலம் வரும்வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை. பங்குனி பிறந்ததும் மாடியைத் தூய்மை செய்து கெட்டியாக இருமுறை வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள். வெள்ளைத் தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பியனுப்பிவிடும். உள்ளே புகவேண்டிய வெப்பம் தொடக்கத்திலேயே குறையும். மழையில் கரையுமாதலால் ஆண்டுதோறும் அடிக்க வேண்டும். விவசாயிகள் நாற்றங்காலுக்குக் கட்டும் நிழல் வலையை மாடிக்கு இரண்டடி உயரத்தில் காற்றோட்டம் விட்டுக் கட்டுவதும் நற்பயன் தரும். இரவில் எதிரெதிர்ச் சன்னல்களைத் திறந்துவைத்துப் பகலின் சூட்டை வெளியேற்றுவது, எவ்வளவு காப்பு இருந்தாலும் இன்றியமையாதது.

எச்சரிக்கைகள் நான்கு. முதலாவது, பலகையைத் தளத்தின் மேற்புறமே இடுவது சிறப்பு. அப்பொழுது காங்கிரீட்டே சூடேறாது. இரண்டாவது, தெர்மோகோல் எளிதில் தீப்பற்றும். நூலும் அடுப்பும் உள்ள வீட்டில் அதை உட்கூரையில் வெறுமையாக ஒட்டுவது ஆபத்து. மூன்றாவது, நடமாட்டமுள்ள மாடிக்கு நசுங்காத கெட்டிப் பலகையே வேண்டும். பொட்டலங்களில் வரும் மெல்லிய தெர்மோகோல் உதவாது. பலகைக்குள் நீர் புகவும் விடலாகாது. மாடி தாங்கும் பாரத்தைப் பற்றி இன்ஜினீயரின் யோசனையைப் பெறுக. நான்காவது, ஆஸ்பெஸ்டாஸ் தகடு வேய்ந்த கொட்டகையில் தகட்டைத் துளைக்கவோ, உடைக்கவோ, சுரண்டவோ கூடாது. அதனின்று பறக்கும் நுண்ணிழை புற்றுநோய் உண்டாக்குவது என்பது உறுதிப்பட்ட செய்தி.

ஒரு தெருவில் ஐந்தாறு அங்கத்தினர்கள் ஒரே சமயத்தில் மாடிப் பழுது பார்க்க முன்வந்தால், பலகையையும் தட்டோட்டையும் சேர்த்துக் கொள்முதல் செய்து விலையில் ஆதாயம் பெறலாம். நூலை அவ்வாறு வாங்கப் பழகிய நமக்கு இது புதிதன்று.

அந்த அங்கத்தினரின் மாடியை ஏறிப் பார்த்தேன். கட்டி ஏழாண்டுகள், ஒழுகல் இல்லை. கடன் மனுவை இவ்வாண்டு எழுத வேண்டாமென்றும், சுண்ணாம்பும் நிழல் வலையும் போட்டுப் பார்க்குமாறும் கூறினேன். தறி நின்ற நேரத்தையும் பாவு அறுந்த தடவைகளையும் நாள்தோறும் ஒரு நோட்டில் குறித்துவரவும் சொல்லியிருக்கிறேன். மாடியைத் திறக்கும் நாள் வரும்போது, எத்தனை அங்குலம் என்பதை வியாபாரியின் மதிப்பீட்டைப் பார்த்து முடிவு செய்யாமல், தம் நோட்டைப் பார்த்து அவரே முடிவு செய்துகொள்ளலாம். மற்ற அங்கத்தினர்களும் வரும் கோடையிலேயே அத்தகைய நோட்டு ஒன்றைத் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.