கழுநீரில் தழைத்த மாடித்தோட்டம்

2024-ஆம் ஆண்டின் கோடையை பெங்களூரு மக்கள் எளிதில் மறந்துவிட மாட்டார்கள். கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் அமைந்த இந்நகரில் கோடை என்பது பொதுவாகச் சில வாரங்களில் கடந்துபோகும் விருந்தாளி. ஏப்ரல் மாதத்தில் மாலைவேளையில் இடி இடித்துப் பெய்யும் மழை வெம்மையைத் தணித்துவிடும். அவ்வாண்டோ ஏப்ரல் முழுவதும் மழை பொய்த்தது. வெப்பநிலை 38 பாகையைத் தாண்டியது. அதற்கு முந்தைய ஆண்டின் பருவமழை குறைந்துபோனதால் ஆழ்துளைக் கிணறுகள் ஆயிரக்கணக்கில் வறண்டன. நாங்கள் குடியிருக்கும் வீட்டின் கிணறும் அவற்றுள் ஒன்று.

அவ்வாண்டு மார்ச் மாதத்தில் பெங்களூரு குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீர் வாரியம் ஓர் ஆணை பிறப்பித்தது. குடிநீரை வாகனம் கழுவவோ, கட்டுமானத்திற்கோ, தோட்டத்திற்கோ பயன்படுத்தக்கூடாது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். அன்று எங்கள் மாடியில் 24 தொட்டிகள் இருந்தன. அவற்றின் கதி என்ன என்பதே அந்தக் கோடை முழுவதும் எங்கள் குடும்பத்தின் பேச்சாயிற்று. அந்த அனுபவத்தில் கற்றவற்றை, மாடித்தோட்டம் வைத்திருப்போருக்கும் வைக்க விரும்புவோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே தருகிறோம்.

தடுத்தது பணமன்று

பள்ளி விடுமுறையில் இருந்த எங்கள் மகளிடம் ஒரு கணக்கேட்டைக் கொடுத்து, தோட்டத்திற்கு நாள்தோறும் செலவாகும் நீரை அளக்கச் சொன்னோம். மூன்று நாள் அளந்ததில் 40 லிட்டர் என்று தெரிந்தது. அப்போது மாவட்ட நிர்வாகம் லாரித் தண்ணீருக்கு விலை வரம்பு விதித்திருந்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரிக்கு 1,000 ரூபாய். அந்த விலையில் எங்கள் தோட்டத்தின் ஒருநாள் நீருக்கு மூன்றரை ரூபாய்கூட ஆகாது. லாரித் தண்ணீரில் சிறிது மாடிக்குச் சென்றால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எங்களுள் ஒருவர் கேட்டதும் உண்டு.

அதற்கு விடை வேறோர் இடத்திலிருந்து வந்தது. எங்கள் வீட்டு வேலையில் உதவும் அம்மையார் ஒருநாள் தாமதமாக வந்தார். அவருடைய தெருவுக்கு லாரி வரும் நாளில் விடியுமுன்பே குடங்களை வரிசையில் வைத்துக் காத்திருக்க வேண்டும் என்றும், அன்று கிடைத்தவை ஆறு குடங்கள் என்றும் சொன்னார். ஆறு குடம் என்றால் ஏறத்தாழ 90 லிட்டர்; அவர் வீட்டில் ஐந்து பேர். குழாயடியில் வாளியோடு நின்றிருந்த எங்கள் பாட்டி, வாளியைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து குழாய்நீரும் லாரிநீரும் மாடிக்குப் போகவில்லை.

காவிரி நீர் ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலிருந்து, சுமார் 500 மீட்டர் உயரத்திற்கு இறைக்கப்பட்டு இந்நகரை அடைகிறது. அந்த நீரைச் செடிக்கு ஊற்றுமுன் ஒருமுறையேனும் வேறு வேலைக்குப் பயன்படுத்திவிட வேண்டும் என்பது அன்று நாங்கள் எடுத்த முடிவு.

அடுக்களை தரும் நீர்

அரிசியும் பருப்பும் கழுவிய நீர் நாளொன்றுக்கு 5 லிட்டர் கிடைத்தது. காய்கறி, கீரை கழுவிய நீர் 7 லிட்டர். இவ்விரண்டும் எல்லாச் செடிகளுக்கும் ஏற்றவை. கழுநீரை அன்றன்றே ஊற்றிவிட வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புளித்து நாற்றமெடுக்கும்.

குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி வெளியேற்றும் நீரைப் பற்றி எச்சரிக்கை தேவை. ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வீணாக வெளியேறுகிறது. ஆனால் மூலநீரின் உப்பெல்லாம் அதில் செறிந்திருக்கும். அதை அப்படியே தொடர்ந்து ஊற்றினால் மண்ணின் மேல் வெள்ளைப் படலம் தோன்றும். இலைகளின் ஓரம் கருகும். ஆகவே மூன்று பங்கு கழுநீருக்கு ஒரு பங்கு என்ற அளவில், 4 லிட்டர் மட்டும் கலந்துகொண்டோம். எஞ்சியது தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்பட்டது. சோப்பு கலந்த நீரை உணவுப்பயிர்களுக்கு ஊற்றவில்லை.

ஆக, மொத்த வரவு 16 லிட்டர். பழைய செலவு 40 லிட்டர். வரவுக்குள் செலவை அடக்குவது என்பது குடும்ப வரவுசெலவில் மட்டும் கடைப்பிடிக்கும் விதி அன்று என்பதை அப்போது உணர்ந்தோம்.

எதைக் காப்பது, எதை விடுவது?

24 தொட்டிகளையும் அரைகுறை ஈரத்தில் வைத்திருந்தால் எல்லாமே வாடியிருக்கும். எனவே மூன்று கேள்விகளை எழுப்பிக்கொண்டோம். இழந்தால் மீண்டும் வளர்க்கப் பல ஆண்டுகள் ஆகுமா? குறைந்த நீரில் உணவு தருமா? வெம்மையைத் தாங்குமா?

கறிவேப்பிலையைப் பற்றி வாதமே எழவில்லை. பாட்டி ஊரிலிருந்து பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்த கன்று அது, ஒன்பது வயதாகிறது. எலுமிச்சையும் துளசியும் நின்றன. வெண்டை வெயிலை விரும்பும் பயிர். விதைத்த 45 நாளில் காய்க்கும். எங்களிடமிருந்தது ‘அர்கா அனாமிகா’ வகை. பெங்களூரு அருகே ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம், வெள்ளை ஈ பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயைத் தாங்கும்படி உருவாக்கிய வகை இது. கத்தரி, தண்டுக்கீரை, கொடிப்பசலை ஆகியனவும் கோடையில் சளைப்பதில்லை.

கொத்தமல்லி வெயிலில் விரைந்து பூத்துவிடும். தக்காளி 35 பாகைக்கு மேல் பூவை உதிர்க்கும். இவற்றையும் பூச்செடிகளையும் விடுவதென்று முடிவாயிற்று. மகள் வளர்த்த செவ்வந்தித் தொட்டிகளும் அவற்றுள் இருந்தன. அவளே அவற்றைப் பிடுங்கி உரக்கூடையில் இட்டாள். அன்று கணக்கேட்டில் ஒன்றும் எழுதவில்லை. மண்ணை மட்டும் நிழலில் மூடிவைத்தோம்.

எஞ்சியவை 11 தொட்டிகள். நாளொன்றுக்கு எலுமிச்சைக்கு 3 லிட்டர், கறிவேப்பிலைக்கு 2, மூன்று வெண்டைத் தொட்டிகளுக்கு நாலரை, இரண்டு கத்தரிக்கு 3, இரண்டு கீரைத் தொட்டிகளுக்கு 2, பசலைக்கு 1, துளசிக்கு அரை லிட்டர். கூட்டினால் சரியாக 16.

ஈரத்தைக் காக்கும் வழிகள்

நீரைக் குறைத்தால் மட்டும் போதாது. ஊற்றியது ஆவியாகாமல் காக்க வேண்டும். இதற்கு நான்கு வழிகள் கைகொடுத்தன.

முதலாவது, மூடாக்கு. தொட்டி மண்ணின் மேல் இரண்டு அங்குல உயரத்திற்குக் காய்ந்த சருகையும் தேங்காய் நாரையும் பரப்பினோம். வெயில் மண்ணை நேராகத் தொடாதபோது ஈரம் நெடுநேரம் நிற்கிறது. சருகுக்குப் பஞ்சமில்லை, எங்கள் தெருவின் மழைமரங்களே போதிய அளவு உதிர்த்தன.

இரண்டாவது, நிழல்வலை. பாதி வெயிலை மறைக்கும் பச்சை வலையைத் தொட்டிகளின் மேல் கட்டினோம். வலை கீழ்க்காற்றைத் தடுக்காதவாறு ஆளுயரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, சுடுமண் கலயம். மெருகு பூசாத சிறு கலயத்தைக் கழுத்தளவு மண்ணில் புதைத்து, நீர் நிரப்பி, மூடிவிட வேண்டும். சுற்றியுள்ள மண் உலர உலர, கலயத்தின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வேருக்குச் சேரும். எலுமிச்சைக்கும் கறிவேப்பிலைக்கும் இதுவே உயிர்காத்தது.

நான்காவது, வேளை. காலை ஏழு மணிக்கு முன்னரோ மாலை ஆறு மணிக்குப் பின்னரோதான் நீர் ஊற்றினோம். அதற்குமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணில் செலுத்திப் பார்ப்போம். உள்ளே ஈரம் இருந்தால் அன்று அந்தத் தொட்டிக்கு விடுமுறை. அதன் பங்கு வாடியதற்குச் செல்லும்.

மண்கலவையும் முக்கியம். செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம் ஆகியவற்றைச் சம அளவில் கலந்தால் நீரைப் பிடித்துவைக்கும், பாரமும் குறையும். வாடகை வீட்டில் தோட்டம் வைப்போர் உரிமையாளரின் இசைவைப் பெற்று, கனமான தொட்டிகளைத் தளத்தின் நடுவே வைக்காமல் சுவர்களையும் உத்தரங்களையும் ஒட்டி வைப்பது நல்லது. தொட்டிக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினால் தளத்தில் ஓதம் இறங்காது.

மாவுப்பூச்சி தோன்றியபோது ஒரு லிட்டர் நீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தோம். வாரம் ஒருமுறையாக மூன்று முறை தெளித்ததும் அடங்கியது.

ஒரு மழைநாளின் பாடம்

மே மாதத் தொடக்கத்தில் முதல் மழை வந்தது. வீட்டார் அனைவரும் மாடியில் நனைந்துகொண்டே நின்றோம். ஆனால் எங்களைச் சிந்திக்க வைத்தது ஜூன் 2-ஆம் நாள். அன்று ஒரே நாளில் பெங்களூரில் 111 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று.

மழைநீர்க் கணக்கு மிக எளிது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர். எங்கள் மொட்டைமாடி 60 சதுர மீட்டர். 111 மில்லிமீட்டருக்கு 6,660 லிட்டர். சிதறலும் ஆவியாதலும் போக 80 விழுக்காடு கிடைக்கும் என்று கொண்டால் 5,300 லிட்டருக்கு மேல். நாளொன்றுக்கு 16 லிட்டர் வீதம் பதினொரு மாதத் தோட்டத்திற்கு அது போதும். நாங்கள் பிடித்ததோ 200 லிட்டர் பீப்பாய் ஒன்று. எஞ்சியதெல்லாம் சாக்கடையில் கலந்து தெருவை முழங்காலளவு நிறைத்தது. துளித்துளியாகச் சேர்த்த எங்களுக்கு அந்தக் காட்சி வேதனை அளித்தது.

பெங்களூரில் 2009 முதல் 60-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளின் பழைய கட்டடங்களிலும், 30-க்கு 40 அடியும் அதற்கு மேலும் உள்ள மனைகளின் புதிய கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம். எங்கள் வீடு பழையது, சிறியது; விதிக்குள் வராது. எனினும் உரிமையாளரிடம் மகளின் கணக்கேட்டைக் காட்டினோம். அவர் புன்னகையோடு படித்து, செலவில் பாதியை ஏற்றார். அவ்வாண்டே 1,000 லிட்டர் தொட்டியும் வடிகட்டியும் அமைந்தன. தளத்தைக் கழுவிவரும் முதல் மழைநீரை வெளியேற்றிவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறோம். கொசு புகாதபடி எல்லாத் திறப்பிலும் வலை கட்டியிருக்கிறோம். ஒளி புகாத தொட்டியாதலால் பாசி படிவதில்லை. அடுக்களை நீர் ஒரு துளியும் இல்லாவிடினும் அது 62 நாள் தாங்கும். அதாவது ஏப்ரலும் மேயும்.

வரவும் செலவும்

அந்தக் கோடையில் வலை, கலயங்கள், உரம் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ 1,900 ரூபாய் செலவிட்டோம். கிடைத்த காய்கறி, கீரையின் சந்தை மதிப்பு 700 ரூபாயைத் தாண்டவில்லை. வலை சில ஆண்டுகள் உழைக்கும் என்றாலும், சிறு மாடித்தோட்டம் பெருஞ்சேமிப்பைத் தரும் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேறொன்று கிடைத்தது. வீட்டில் எவ்வளவு நீர் எங்கே செல்கிறது என்பதை முதன்முறையாக அறிந்தோம். தோட்டத்திற்காகத் தொடங்கிய அளவை குளியலறைக்கும் துணி துவைப்பதற்கும் பரவியது.

அக்டோபர் 2024-இல் நாளொன்றுக்கு 775 மில்லியன் லிட்டர் தரும் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. இருந்தும் 2025 பிப்ரவரியில் வாரியம் அதே தடையை மீண்டும் அறிவித்தது. இம்முறை எங்கள் தொட்டி நிறைந்திருந்தது. செவ்வந்திக்கும் இடம் உண்டா என்று மகள் கேட்டாள். கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு தொட்டிகளுக்குப் பாட்டி இசைவு தந்தார்.