மொனோவை காலியானது எதனால்?

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், வடக்கு எல்லையை ஒட்டிய போய்ட் கவுண்டியில் மொனோவை என்றொரு கிராமம் இருக்கிறது. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அங்கே 123 பேர் இருந்தார்கள். 2000இல் எஞ்சியது ஒரு கணவனும் மனைவியும். 2004இல் கணவர் இறந்துபோக, 2010 கணக்கெடுப்பில் அந்த மூதாட்டி ஒருவர்தான் பதிவானார். இப்படிப்பட்ட ஊர்களைப் பற்றிப் பேச்சு வந்தால், இளைஞர்கள் பட்டணத்துக்குப் போய்விட்டார்கள் என்று சொல்லி முடித்துவிடுகிறோம். போனது உண்மை. ஆனால் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே அந்த ஊரைத் தாங்கி நின்ற பண்ணைகள் கரையத் தொடங்கிவிட்டன. மொனோவையின் கதையை ஊருக்குள் தேடினால் கிடைக்காது, சுற்றியிருக்கும் நிலத்தில்தான் தேட வேண்டும்.

பூர்வகுடிகளிடமிருந்து பறித்த நிலத்தை, 1862ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமெரிக்க அரசு குடும்பத்துக்கு 160 ஏக்கர் வரை வழங்கியது. ஐந்தாண்டுகள் அங்கேயே குடியிருந்து பயிர்செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே மொனோவையைச் சுற்றியிருந்த சமவெளியில் விவசாயியின் வீடு அவரவர் நிலத்திலேயே அமைந்தது. ஊர் என்பது அவர்களுக்குச் சந்தை. தானியத்தை ரயிலேற்ற, சாமான் வாங்க, கடிதம் பெற, பிள்ளைகளைப் படிக்கவைக்க, குதிரை வண்டியில் போய்ப் பொழுது சாய்வதற்குள் திரும்பும் தொலைவில் ஓர் ஊர் தேவைப்பட்டது. 1902இல் ரயில் பாதை வந்தபோது மொனோவை பிறந்தது அப்படித்தான். ஆனால் மழை குறைந்த அந்த மண்ணில் 160 ஏக்கர் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. 1930களின் வறட்சியும் பொருளாதார மந்தமும் பலரை நிலத்தை விற்க வைத்தன. டிராக்டர் வந்தபின், பல குடும்பங்கள் உழுத நிலத்தை ஒரே குடும்பம் உழ முடிந்தது. 1935இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 68 லட்சம் பண்ணைகள் இருந்தன. இன்று 20 லட்சத்துக்கும் குறைவு. 1910இல் எட்டாயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த போய்ட் கவுண்டியில் 2020இல் இரண்டாயிரம் பேர்கூட இல்லை. வாடிக்கையாளர் குடும்பங்களே இல்லாதபோது கடைக்காரர் மட்டும் எப்படி நிற்பார்?

ரயில் நின்றதால்தான் ஊர் அழிந்தது என்று சிலர் மறுக்கலாம். காலவரிசை அதற்கு இடம் தரவில்லை. அஞ்சலகம் 1967இல் மூடப்பட்டது, பள்ளி 1974இல். ரயில் பாதை கைவிடப்பட்டது அதற்கும் பிறகு, 1970களின் பிற்பகுதியில். ரயில் போனது விளைவே தவிரக் காரணம் அல்ல.

ஒருவருக்காக ஓர் ஊராட்சி எதற்கு, கலைத்துவிடலாமே என்பது இன்னொரு கேள்வி. இதைத்தான் நான் தீவிரமாக மறுக்கிறேன். அந்த மூதாட்டியே மேயர், எழுத்தர், பொருளாளர். தன் மதுக்கடைக்கான உரிமத்தைத் தானே வழங்கிக்கொண்டார். இதை வேடிக்கைச் செய்தியாக எழுதுகிறவர்கள், ஆண்டுதோறும் அவர் சாலைத் திட்டம் தயாரித்து அனுப்பியதால்தான் தெருவிளக்குகளுக்கு மாநில நிதி வந்தது என்பதைப் போகிறபோக்கில் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அவரும் கணவரும் 1971இல் மீண்டும் திறந்த மதுக்கடையும் உணவகமுமான அந்த இடத்துக்கு, சுற்றுப்புறப் பண்ணைக்காரர்களும் லாரி ஓட்டுநர்களும் சாப்பிட வந்தார்கள். கணவர் சேர்த்த சுமார் 5,000 நூல்களைக் கொண்டு அவர் நினைவாக ஒரு நூலகமும் எழுந்தது. சந்தையாகத் தொடங்கிய ஊர், சுருங்கிய அளவில் அதே வேலையைச் செய்துகொண்டிருந்தது. 2020 கணக்கெடுப்பு அங்கே இருவர் வாழ்வதாக வெளியிட்டது. தனிநபர் விவரங்கள் வெளிப்படாமலிருக்கக் கணக்கெடுப்புத் துறை சிற்றூர்களின் எண்களை வேண்டுமென்றே சற்று மாற்றி வெளியிட்டதே அதற்குக் காரணம். இரண்டாவது ஆள் யாரும் இல்லை. ஆனால் அந்த உணவகத்தில் மதிய வேளையில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் மொனோவைவாசிகளாக எண்ணப்பட்டதே இல்லை.