பழைய புல்லட்டா, புது புல்லட்டா? ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒரு கணக்கு

பழைய வண்டியைச் செலவு செய்து வைத்துக்கொள்வதா, கடன் போட்டாவது புதிதை வாங்குவதா? ஸ்போர்ட்ஸ் கார் பிரியர்கள் உலகெங்கும் சலிக்காமல் வாதாடும் கேள்வி இது. வடசென்னையில் இதே கேள்வி புல்லட்டைப் பற்றித்தான் கேட்கப்படும். கேட்கிறவர் பெரும்பாலும் துறைமுகத்திலோ எண்ணூர் தொழிற்சாலைகளிலோ வேலை பார்ப்பவர். பதில் சொல்கிறவர் சாலையோர மெக்கானிக். அந்தப் பதிலுக்குப் பின்னால் உலோகவியல், உராய்வியல், மின்வேதியியல் என்று நிறைய அறிவியல் இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்த்தால் கேள்விக்கு ஓரளவு உறுதியான விடையும் கிடைக்கிறது.

வண்டியின் பூர்வீகமே இந்தப் பகுதிதான். மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955-ல் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டுடன் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. மறு வருடமே திருவொற்றியூர் ஆலையில், கப்பலில் வந்த பாகங்களை இணைத்து புல்லட்டுகள் வெளிவரத் தொடங்கின. இங்கிலாந்தில் கம்பெனி 1970-ல் அடியோடு மூடப்பட்டது. இங்கே உற்பத்தி நிற்கவில்லை. வார்ப்பிரும்பு சிலிண்டர், 70 மி.மீ. போர், 90 மி.மீ. ஸ்ட்ரோக், 346 சிசி என்ற அடிப்படை அரை நூற்றாண்டுக்கும் மேல் தொடர்ந்தது. 2008-க்குப் பிறகு இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே உறைக்குள் அமைந்த யூசிஇ இன்ஜின் வந்தது. 2020-ல் 349 சிசி ஜே வரிசை இன்ஜின் வந்தது. பழையதா புதியதா என்று நாம் ஒப்பிடுவது முதலாவதையும் கடைசியையும்தான்.

ஒரு இன்ஜின் எங்கே தேய்கிறது என்பதிலிருந்து ஆரம்பிப்போம். பிஸ்டன் சிலிண்டரின் நடுவில் வேகமாக ஓடும்போது ஆயில் ஒரு மெல்லிய படலமாக நின்று இரண்டு உலோகங்களும் தொடாமல் காக்கிறது. அந்தப் படலத்தைத் தாங்கிப் பிடிப்பது பிஸ்டனின் வேகமே. மேல் முனைக்கு வந்ததும் பிஸ்டன் ஒரு கணம் நின்றுதான் திரும்ப வேண்டும். அங்கே வேகம் பூச்சியம், படலம் உடைகிறது. பெட்ரோல் எரிந்து அழுத்தம் உச்சத்துக்கு ஏறுவதும் ஏறக்குறைய அந்த நேரத்தில்தான். எரிந்த வாயு ரிங்கின் பின்பக்கம் புகுந்து அதைச் சுவரோடு நெரிக்கிறது. அதனால் சிலிண்டர் மேலிருந்து கீழ்வரை சீராகத் தேய்வதில்லை. மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே அதிகமாகவும், கனெக்டிங் ராடு சாய்ந்து பிஸ்டனைத் தள்ளும் பக்கத்தில் இன்னும் அதிகமாகவும் தேய்ந்து, வட்டம் மெல்ல முட்டை வடிவமாகிறது.

தண்டையார்பேட்டைப் பக்கம் ஏதாவது ஒரு லேத் பட்டறையில் நின்று பார்த்தால் இது கண்ணெதிரே தெரியும். மெக்கானிக் கழற்றிக் கொண்டுவந்த சிலிண்டரைத் துடைத்துவிட்டு, டர்னர் போர் கேஜை உள்ளே விடுகிறார். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடங்களில் அளக்கிறார். பிறகு குறுக்கே திருப்பி மறுபடி மூன்று. டயலின் முள் மேலே மட்டும் விலகி நிற்கிறது. "போரு தேஞ்சிருச்சு தம்பி, ஆஃப் எம்.எம். போட்ரலாம்" என்கிறார். முட்டை வடிவத்தைக் கடைந்து மறுபடி வட்டமாக்கி, அரை மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போடுவார்கள். பிறகு ஹோனிங். சுவரில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகள் விழும். ஆயில் தங்குவதற்கு அந்தக் கோடுகள் வேண்டும். கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தால் ஆயில் நிற்காது.

புதிய பிஸ்டன் போட்டதும் ஆயிரம் கிலோமீட்டர் மெதுவாக ஓட்டச் சொல்வதற்கும் காரணம் உண்டு. பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் இரும்பு. 100 டிகிரி சூடு ஏறினால் 70 மி.மீ. பிஸ்டன் சுமார் 0.15 மி.மீ. விரியும். சிலிண்டரோ அதில் பாதிதான் விரியும். நடுவில் விட்டிருக்கும் இடைவெளி ஒரு தலைமுடியின் பருமன் அளவே. இன்ஜின் பழகுவதற்குள் விரட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும்; செய்த செலவு அத்தனையும் போச்சு.

வயது மட்டும் ஒரு வண்டியின் பராமரிப்புச் செலவை நிர்ணயிப்பதில்லை என்பேன். தேய்ந்ததை அளந்து, கடைந்து, பழைய நிலைக்குக் கொண்டுவர முடிகிற வடிவமைப்பா என்பதுதான் முக்கியம். இதற்கு என்ஃபீல்டிலேயே எதிர்ச்சாட்சி இருக்கிறது. 80-களில் ஜெர்மனியின் சுண்டாப் வடிவமைப்பில் ஃபியூரி 175 என்று ஒரு பைக்கை விட்டார்கள். ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக், ஐந்து கியர் என்று அந்நாளில் அசல் ஸ்போர்ட்ஸ் பைக் அது. அதன் சிலிண்டரில் ஸ்லீவ் எனப்படும் இரும்பு உள்ளுறை கிடையாது. உள்சுவரில் நேரடியாகக் கடின குரோம் பூச்சு. பூச்சு போனால் சாதாரண லேத்தில் கடைந்து அடுத்த சைஸ் பிஸ்டன் போட வழியில்லை. உற்பத்தி நின்றதும் பாகங்களும் அருகிப்போயின. அதைவிட வயதான புல்லட்டுகள் இன்றும் ஓடுகின்றன. பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் முதலில் விசாரிக்க வேண்டியதும் இதைத்தான்: உள்ளூர்ப் பட்டறை தொடக்கூடிய இன்ஜினா, கப்பலில் பாகம் வரக் காத்திருக்கும் இன்ஜினா?

பழைய புல்லட்டின் மற்ற வேலைகளும் கைக்கு எட்டியவைதான். டாப்பெட் வைக்க கேஜ்கூடத் தேவையில்லை. இன்ஜின் ஆறியிருக்கும்போது சிலிண்டரின் அடியில் வலப்பக்க மூடியைத் திறந்து புஷ்ராடை இரண்டு விரலால் சுழற்ற வேண்டும். தாராளமாகச் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. ஆனால் இந்த வேலைகள் அடிக்கடி வரும். தீப்பொறிக்கான பாயின்ட் கருகும், ஆயில் கசியும். ஜே வரிசை இன்ஜினில் பாயின்டும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன், சென்சார், இசியு எல்லாம் வருடக்கணக்கில் தொந்தரவில்லாமல் உழைக்கும். கெட்டுவிட்டால் சாணை பிடித்துச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும்.

அடுத்த விஷயம் கோயம்புத்தூர்க்காரருக்கு இல்லாத செலவு: கடல். காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை சாலை அலையோடு ஒட்டியே ஓடுகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் ஏறி உப்பாக வண்டியில் படிகின்றன. சமையல் உப்பான சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீதமே போதும். சென்னைக் கடற்கரையில் ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்குவது அபூர்வம். ஆகவே வெயிலில் காய்ந்ததுபோல் தெரியும் வண்டியின் மேலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் உப்புநீர்ப் படலம் இருந்துகொண்டே இருக்கிறது. இரும்பு மின்னணுக்களை இழக்க, ஆக்சிஜன் அவற்றை வாங்கிக்கொள்ள, இடையில் மின்சுற்றை முடித்துவைப்பது அந்தப் படலம். குளோரைடு இந்த வேலையில் செலவாகித் தீர்ந்துவிடுவதில்லை. கழுவி அகற்றும்வரை துரு ஓயாது.

அலுமினிய உறையில் இரும்பு போல்ட் இருக்கும் இடங்களில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாக உதிரும். வயரிங்கின் எர்த் முனையில் பச்சைக் களிம்பு பிடிக்கும். "ஸ்டார்ட்டிங் ட்ரபிள்" என்று பட்டறைக்கு வரும் எத்தனையோ வண்டிகளுக்கு உப்புத்தாளால் அந்த ஒரு முனையைத் தேய்த்தாலே போதும். இதோடு அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்கிறது. அதிலுள்ள சிலிகாவும் அலுமினாவும் கடினமானவை. ஏர் ஃபில்டரைத் தாண்டி உள்ளே போனால் சிலிண்டரில் அரத்தூள் போட்டதற்குச் சமம். இந்தப் பகுதியில் வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் கழுவுவது, சர்வீஸ் புத்தகம் சொல்வதைவிடச் சீக்கிரமே ஃபில்டரைப் பார்ப்பது, பேட்டரி முனையில் வாசலின் தடவுவது ஆகிய மூன்றையும் விடவே கூடாது. புதிய வண்டிக்கும் இது பொருந்தும். சென்சார் கனெக்டர்களுக்குள் உப்பு ஏறினால் செலவு இன்னும் பெரிது.

இனி பணம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையுள்ள பைக்குகளுக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. புல்லட்டும் அதில் அடக்கம். சாலை வரி, ஐந்து வருட மூன்றாம் நபர் காப்பீடு எல்லாம் சேர்த்துப் புது வண்டி கைக்கு வர 2.2 லட்சம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து அதில் பாதிக்குச் சற்று மேல் விலை போகும் என்போம். மதிப்பிழப்பு, சராசரியாக முடங்கிய பணத்துக்கு வங்கி தந்திருக்கும் 7 சதவீத வட்டி, நிலையான சர்வீஸ் ஆகியவற்றைக் கூட்டினால், ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் வருடத்துக்கு 33 ஆயிரம் கரைகிறது. ஓட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் பெட்ரோல், தேய்மானம் எல்லாம் சேர்த்து 3.85 ரூபாய்.

நல்ல நிலையிலுள்ள பழைய இரும்பு இன்ஜின் புல்லட் ஒரு லட்சம் என்போம். அதன் விலை இனி பெரிதாக இறங்காது. வட்டி, வருடத்துக்கு 1,366 ரூபாய் மூன்றாம் நபர் காப்பீடு, பதிவுப் புதுப்பிப்பு, துருவுக்கு ஒதுக்கும் தொகை எல்லாம் சேர்த்து 16 ஆயிரம். ஆனால் கிலோமீட்டருக்கு 6.35 ரூபாய் ஆகும். லிட்டருக்கு 28 கிலோமீட்டர்தான் தரும் என்று கொண்டால் பெட்ரோலுக்கே மூன்றரை ரூபாய்க்கு மேல். சில்லறை வேலைகளுக்கு 1.80. முப்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை இன்ஜின் இறக்க ஆகும் முப்பதாயிரத்துக்காக இன்னொரு ரூபாய்.

இரண்டுக்கும் நிலையான செலவில் வித்தியாசம் 17 ஆயிரம். கிலோமீட்டரில் வித்தியாசம் இரண்டரை ரூபாய். வகுத்தால் 6,800 கிலோமீட்டர். திருவொற்றியூரில் குடியிருந்து ராயபுரத்துக்கு வேலைக்குப் போய்வருபவர் வருடத்தில் 300 நாள் ஓட்டினாலும் சுமார் 4,500 கிலோமீட்டர்தான் ஓட்டுவார். அவருக்குப் பழையது லாபம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் போய்வருபவர் 7,500-ஐத் தாண்டிவிடுவார். அவர் புதிதையே வாங்கலாம். உங்கள் விலையும் மைலேஜும் வேறாக இருந்தால் எண்களை மாற்றிப் போட்டுப் பாருங்கள். கணக்கின் வழி மாறாது. எத்தனால் கலந்த E20 பெட்ரோலையும் மறக்க வேண்டாம். எத்தனாலில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு. அது ஈரத்தையும் இழுக்கும். பழைய கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களை அதற்கேற்றவையாக மாற்றிவிடுவது நல்லது.

ரூபாயில் அடங்காதவை இரண்டு. மணலி விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிக்குப் பின்னால் மழையில் பிரேக் பிடிக்கும்போது, பழைய டிரம் பிரேக்குக்கும் ஏபிஎஸ் உள்ள டிஸ்க்குக்கும் உள்ள வித்தியாசத்துக்கு விலை போட முடியாது. இரவு ஷிஃப்ட் போகிறவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். மற்றது புகை. 1996-ல் இருசக்கர வாகனங்களுக்கு அனுமதிக்கப்பட்ட ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகளின் கூட்டு அளவு கிலோமீட்டருக்கு 3.6 கிராம். 2020-ன் பிஎஸ்-6 விதியில் இரண்டும் சேர்த்து 0.16 கிராம். 6,800 கிலோமீட்டருக்குப் பெருக்கினால் ஒரு பக்கம் 24 கிலோ, மறுபக்கம் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2009-ல் கடுமையாக மாசுபட்ட பகுதிகளைப் பட்டியலிட்டபோது மணலியும் அதில் இருந்தது. அங்கே தினசரி வேலைக்குப் பழைய வண்டியை எடுக்க எனக்கு மனம் வராது. வாரத்தில் ஓரிரு நாள் ஆசைக்கு ஓட்டுகிறவரிடம் அதை விற்றுவிடுங்கள் என்று சொல்லவும் மனம் வராது.

பழையதுதான் என்று முடிவானால், பெயின்ட்டில் மயங்காமல் பேட்டரி டப்பாவுக்கு அடியிலும் மட்கார்டின் உட்புறத்திலும் விரலால் தட்டிப் பாருங்கள். கடற்கரை வண்டியில் துரு அங்கேதான் ஒளிந்திருக்கும். சூடான இன்ஜினை முறுக்கும்போது சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்று கவனியுங்கள். பிறகு மெக்கானிக்கிடம் கேளுங்கள், "அண்ணே, இப்போ எந்த சைஸ் பிஸ்டன்ல ஓடுது?" ஸ்டாண்டர்டு என்றால் இன்னும் இரண்டு முறை கடைய இடம் இருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்கு ஏற்கெனவே போயிருந்தால் அடுத்தது ஸ்லீவ்தான். அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள்.