வீட்டுக்கடனின் அடக்க விலை

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் கடனைப் பற்றியது. அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனமாகிய அது, தவணை குறித்த கடனை எழுதிக்கொள்ளப் பணிப்பதோடு, எழுதுபவருக்கு வாசகத்தைச் சொல்லும் பொறுப்பைக் கடன்பட்டவர் மீதே சுமத்துகிறது. தாம் செலுத்த வேண்டியது இன்னதென்று அவரே கூற வேண்டும். இயலாதவராயின் அவருடைய பொறுப்பாளர் நீதியுடன் கூற வேண்டும். இன்று வீட்டுக்கடன் பெறுவோரின் நிலை இதற்கு நேர்மாறானது. கொடுப்பவர் எழுதுகிறார், பெறுபவர் பக்கம் பக்கமாகக் கையெழுத்திடுகிறார். உங்கள் கடன் எவ்வளவு என வினவினால், "மாதம் இருபத்தேழாயிரம்" என்பதே விடையாக வருகிறது.

வட்டி விலக்கப்பட்டது என்பதில் கருத்து வேறுபாடில்லை. அதனை ஆகுமாக்க இக்கட்டுரை முற்படவுமில்லை. ஆயினும் இந்தியாவில் வங்கிகளில் வட்டியில்லாச் சாளரம் திறக்கும் யோசனையை ரிசர்வ் வங்கி 2017-இல் கைவிட்ட பின்னர், "வாடகைப் பணத்தோடு சிறிது சேர்த்துத் தவணை கட்டினால் வீடு சொந்தமாகுமே, இது நிர்ப்பந்தத்தில் (ளரூரத்) அடங்காதா?" என்று உலமாக்களிடம் கேட்போர் பலர். கேள்வி ஒரு கணக்கின் மீது நிற்கிறது. அக்கணக்குச் சரிதானா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

40 இலட்ச ரூபாய் வீட்டிற்கு 30 இலட்சம் கடன், ஆண்டு வட்டி 9 சதவிகிதம், காலம் 20 ஆண்டு என்று கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 26,992 ரூபாய். முதல் மாதத் தவணையில் 22,500 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 4,492 ரூபாய்தான். ஐந்தாண்டுகள் தவறாமல் கட்டியவர் 16 இலட்சத்து 19 ஆயிரத்துக்கு மேல் செலுத்தியிருப்பார். அவருடைய கடனோ 3 இலட்சத்து 39 ஆயிரம் அளவே குறைந்திருக்கும். இருபதாண்டு முடிவில் கட்டிய மொத்தம் 64 இலட்சத்து 78 ஆயிரம்.

இத்துடன் கணக்கு முடிந்துவிடவில்லை. முராபஹா என்னும் வணிக முறையில், விற்பவர் தம் அடக்க விலையை மறைக்காது கூறி, அதன்மேல் இலாபம் வைக்க வேண்டும். நம் அரபுக் கல்லூரிகளில் ஓதப்படும் ஹிதாயாவில் இமாம் மர்கீனானி (ரஹ்) இதனை நுணுக்கமாகப் பேசுகிறார்கள். சாயமிட்ட கூலியையும் சுமந்து வந்த கூலியையும் விலையோடு சேர்க்கலாம். ஆனால் அவ்வாறு சேர்த்தவர் "இத்தனைக்கு வாங்கினேன்" என்று சொல்லலாகாது, அது பொய்யாகிவிடும். "இத்தனைக்கு அடங்கிற்று" என்றே சொல்ல வேண்டும். மேய்ப்பவனின் கூலியையோ சேர்ப்பதற்கில்லை. எது விலையில் சேரும், எது சேராது என்று இத்துணைக் கவனம் கொண்ட ஒரு மரபில் வந்தவர்கள், தவணை ஒன்றையே வீட்டின் விலையாக எண்ணுவது வியப்பளிக்கிறது.

அடங்கிய விலையைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்திற்கு முத்திரைத் தீர்வை 7 சதவிகிதம், பதிவுக் கட்டணம் 2 சதவிகிதம். 40 இலட்சத்துக்கு 3 இலட்சத்து 60 ஆயிரம். இது பொதுவாகக் கைப்பணத்திலிருந்தே போகும். 240 மாதங்களுக்குப் பகிர்ந்தால் மாதம் 1,500. கடனுக்கான காப்பீட்டுப் பிரீமியத்தைப் பல இடங்களில் கடனோடு கூட்டிவிடுகின்றனர். அது 60,000 ரூபாய் என்றால், அதற்கும் வட்டி ஏறி மாதம் 540 ஆகி, முடிவில் 1,29,600 ஆகிறது. வீட்டுவரி அரையாண்டுக்கு 3,000 என்றால் மாதம் 500. அடுக்குமாடியின் பராமரிப்பு 2,500 என்று வைத்தால், 26,992 ரூபாய் 32,032 ஆகிவிடுகிறது. வெள்ளையடிப்பும் பழுதுபார்ப்பும் தனி. வாடகையோடு ஒப்பிடுவோர் இதனை மறக்கின்றனர்: இஜாராவில் வீட்டைக் குடியிருப்புக்குத் தகுந்ததாக வைத்திருக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. வீடு வாங்கியவர் அப்பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

இவை யாவற்றினும் பெரியது, வட்டி வீதம் மாறும் தன்மை. 2022 மே முதல் 2023 பிப்ரவரி வரை ரிசர்வ் வங்கி ரெப்போ வீதத்தை 4 சதவிகிதத்திலிருந்து 6.5 சதவிகிதமாக உயர்த்தியது. பலருக்குத் தவணைத் தொகை மாறவில்லை. எனவே பாதிப்பில்லை என்று எண்ணினர். மாறியது காலம். மேற்சொன்ன கடனில் தொடக்கத்திலேயே வீதம் 10 சதவிகிதமாகித் தவணை அப்படியே நிற்குமாயின், 240 மாதம் 314 மாதங்களுக்கு மேல் ஆகிவிடும். ஆறாண்டுக்கும் அதிகமாக நீளும் அக்கடன், நாற்பது வயதில் கடன் வாங்கியவரை அறுபத்தாறு வயதிலும் விடாது. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி, வீதம் மாறும்போது தவணையை உயர்த்துவதா, காலத்தை நீட்டுவதா என்னும் தெரிவைக் கடன்பட்டவருக்கு அளிக்க வேண்டுமென ஆணையிட்டது. தெரிவு இருப்பதை அறியாதவருக்கு அதனால் பயனில்லை.

2024 அக்டோபர் முதல் தேதிக்குப் பின் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு, முக்கிய விவரங்கள் அடங்கிய அறிக்கை ஒன்றை முன்னதாகவே தர வேண்டும். காப்பீடு, சட்ட ஆலோசனை போன்று பிறருக்காக வசூலிக்கும் கட்டணங்களையும் உட்படுத்திய ஆண்டுச் சதவிகித வீதமும், மாதவாரியான திருப்பிச் செலுத்தும் அட்டவணையும் அதில் இருக்கும். மஸ்அலா கேட்டு வருவோரிடம் அந்தத் தாளைக் கொண்டுவரச் சொல்கிறேன். திரும்பி வருவோர் சிலரே. அவர்களுள்ளும் இருவர், தாளைப் படித்துப் பார்த்தபின் கேள்வியை மாற்றிக் கேட்டனர்.