இருபது லாரித் தண்ணீரில் இறங்கும் படகு

மே மாதத்தின் முதல் வார இறுதி, லண்டன்காரர்களுக்கு மூன்று நாள் தொடர் விடுமுறை. பாடிங்டன் ரயில் நிலையத்துக்கு அருகில் லிட்டில் வெனிஸ் என்கிற கால்வாய்ச் சந்திப்பில் அப்போதுதான் படகுத் திருவிழா. 1983-இல் ஆரம்பித்த வழக்கம் இது. ‘அவசரமே இல்லாத பயணம்’ என்று தலைப்புக் கொடுத்துத்தான் பத்திரிகையில் என்னை அனுப்பினார்கள். மணிக்கு 4 மைல் வேகத்தைத் தாண்டக் கூடாத நேரோபோட் என்கிற ஒல்லிப் படகில் ஏறி உட்கார்ந்தால் நிதானத்துக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் தண்ணீருக்கு.

நாங்கள் ஏறிய இடம் கவ் ரோஸ்ட். லண்டனுக்கு வடமேற்கே, சில்டர்ன் குன்றுகளின் மேல், கிராண்ட் யூனியன் கால்வாயின் உச்சி. பக்கத்து ட்ரிங் நிலையத்தில் ரயிலேறினால் முக்கால் மணிக்குள் லண்டன் வந்துவிடும். படகில் மூன்று நான்கு நாள். வேகம் குறைவு என்பது பாதிக் காரணம்தான். மறுபாதி லாக்குகள்: இரு பக்கமும் கதவு போட்டு, தண்ணீர் மட்டத்தை ஏற்றி இறக்கிப் படகை அனுப்பும் தொட்டிகள். இங்குள்ள 46-ஆம் எண் லாக்கில் தொடங்கி, கவ்லியிலுள்ள 89-ஆம் எண் லாக் வரை ஒவ்வொன்றாகத் திறந்து, மூடி, படிப்படியாக இறங்கியாக வேண்டும்.

படகுக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவி சுக்கான் பிடிப்பார். இவர் கரையில் நடந்து லாக் வேலை பார்ப்பார். இடுப்புப் பெல்ட்டில் செருகியிருந்த இரும்புக் கைப்பிடியை உருவி, ஷட்டரின் பல்சக்கரத்தில் மாட்டிச் சுற்றினார். கடகடவென்று பலகை மேலேற, கீழ்க்கதவுக்கு அந்தப் பக்கம் தண்ணீர் நுரைத்துக்கொண்டு பாய்ந்தது. பாசி பிடித்த இரண்டு சுவர்களுக்கு நடுவே படகு இறங்க ஆரம்பித்தது. அந்த அம்மையாரின் கண் சுவரிலிருந்த வெள்ளைக் கோட்டை விட்டு நகரவே இல்லை. மேல்கதவின் அடியில் ஒரு கல்திட்டு நீட்டிக்கொண்டிருக்கும். கோட்டுக்குப் பின்னால் போய், படகின் வால்பக்கம் அந்தத் திட்டில் உட்கார்ந்துவிட்டால் முன்பக்கம் மட்டும் இறங்கிக்கொண்டே போகும். ஷட்டரை உடனே இறக்காவிட்டால் படகு மூழ்கிவிடும். இத்தனைக்கும் அந்த அம்மையார் முந்தைய நிமிடம்வரை எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தவர்.

ஒரு தடவை இந்த லாக் காலியானால் சுமார் இரண்டரை லட்சம் லிட்டர் கீழே போகிறது. நம் ஊர் 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் இருபது நடை! கீழே போகப் போகக் கவலை குறைவு. புல்போர்ன், கேட், செஸ், கோல்ன் என்று ஆறுகள் வந்து கலக்கின்றன. உச்சியில் அப்படி ஓடிவந்து விழ ஆறு இல்லை. வடக்கேயிருந்து வரும் படகு ட்ரிங் உச்சிக்கு ஏற ஒரு லாக் தண்ணீர், இந்தப் பக்கம் இறங்க இன்னொரு லாக். திருவிழா முடிந்து திரும்பும்போது மறுபடியும் இரண்டு. எல்லாம் வில்ஸ்டோன், மார்ஸ்வொர்த் முதலான ஏரிகளில் தேக்கி வைத்து, பம்பு வைத்து ஏற்றுவது.

கால்வாய் வெட்டியவர்களுக்கு இந்தச் சிக்கல் அன்றைக்கே தெரியும். உச்சிக்குத் தண்ணீர் கொண்டுவரவென்றே வெண்டோவர் கிளையை வெட்டினார்கள். அது கசிந்தது சாதாரணக் கசிவல்ல. கடைசியில் உச்சிக்குத் தண்ணீர் தர வேண்டிய கிளை, உச்சியிலிருந்தே தண்ணீரைக் குடிக்கத் தொடங்கியது, 1904-இல் மூடிவிட்டார்கள். இப்போது தன்னார்வலர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலக் கால்வாய்களுக்குக் களிமண்ணைப் பிசைந்து மிதித்த பூச்சுதான் அடித்தளம். தண்ணீர் வற்றிக் காய்ந்தால் களிமண் வெடிக்கும், வெடித்தால் மேலும் கசியும்.

2025-இன் வசந்தம் 1893-க்குப் பிறகு இங்கிலாந்து கண்ட மிக வறண்ட வசந்தம். மழைக்குப் பேர்போன நாட்டில், அந்தக் கோடையில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் நீண்ட பகுதியை மூடும்படி ஆனது. கசிவை அடைத்து ஏரிகளைத் தூர்வாரினாலே போதும், தண்ணீரைச் செலவழிப்பதாகப் படகுக்காரர்களை ஏன் குறைசொல்ல வேண்டும் என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். கேட்கட்டும். தூர்வாரப் பணம் வேண்டும், வருடங்கள் வேண்டும். ஒரே லாக்கில் சேர்ந்து இறங்க ஒரு படகு இன்னொரு படகுக்காகக் காத்திருக்க ஒரு கெட்டில் டீ போதும்.

எங்கள் ஆசிரியர் அதைத்தான் செய்தார். நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். இங்கே லாக்கின் அகலம் 14 அடி. இரண்டு படகுகள் தோளோடு தோள் உரச நிற்கலாம், செலவு ஒரே தண்ணீர். இறங்கத் தயாராக லாக் நிறைந்திருந்தும் மனிதர் கதவைத் தொடவில்லை. நெடுநேரம் கழித்து ஓர் இளம் ஜோடி வந்து சேர்ந்தது. திருவிழாவில் நல்ல இடம் போய்விடும் என்று அவர்களுக்குப் பதற்றம். “சேர்ந்து போனால் கதவு தள்ளவும் நாலு கை ஆச்சே” என்றார் இவர். அதற்கப்புறம் லாக்குக்கு லாக் அவர்கள்தான் முன்னால் ஓடிக் கதவைத் திறந்து வைத்தார்கள்.

1944-இல் ‘நேரோ போட்’ என்ற புத்தகம் வந்து, 1946-இல் கால்வாய்களைக் காக்க ஒரு சங்கம் பிறந்து, 1950-இல் மார்க்கெட் ஹார்பரோவில் முதல் பெரிய படகுத் திரளல் நடந்த கதை கால்வாய்ப் பிரியர்களுக்கு மனப்பாடம். கேட்பாரற்றுத் தூர்ந்துகொண்டிருந்த கால்வாய்களில் வேண்டுமென்றே படகுகளைக் கூட்டிக் காட்டிய போராட்டம் அது. படகு ஓடினால்தான் கால்வாய் பிழைக்கும் என்பது அன்றைய வாதம். இன்று படகு ஓடத் தண்ணீர் இருக்கிறதா என்பதல்லவா கேள்வி? அதை மேடை போட்டுக் கேட்க ஆளைக் காணோம்.

கவ்லிக்குக் கீழே லிட்டில் வெனிஸ் வரை ஏறத்தாழ 20 மைலுக்கு ஒரு லாக்கும் கிடையாது. கைப்பிடிக்கு ஓய்வு. ஆல்பர்ட்டனில் கரையேறினால் நடக்கிற தூரத்தில் ஈழத் தமிழர்களின் ஈழபதீஸ்வரர் ஆலயம்; ஈலிங் ரோட்டில் காய்கறி வாங்கிக்கொண்டு படகுக்குத் திரும்பலாம். அதைத் தாண்டியதும் கால்வாய் ஒரு பாலத்தில் ஏறி, நார்த் சர்க்குலர் சாலையின் தலைக்கு மேலே கடக்கிறது. கீழே கார்கள் ஊர்கின்றன, மேலே நாம்.

திருவிழாவைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. இரண்டு மூன்று வரிசையாகக் கட்டிய படகுகள், ரோஜாவும் கோட்டையும் தீட்டிய வாளிகள், படகைத் திருப்பிக் காட்டும் போட்டி, ஞாயிறு இரவு விளக்கு அலங்கார ஊர்வலம். கூட்டத்துக்குக் குறைவில்லை. குடிநீர்க் குழாயடியில் படகுக்காரர்கள் டேங்க் நிரப்ப வரிசையில் நின்றார்கள். அங்கேயும் பேச்சு பெயின்ட் விலையைப் பற்றித்தான்.

திங்கட்கிழமை காலை எங்கள் ஆசிரியர் கையில் ஒரு நோட்டோடு படகு படகாகப் போய்க்கொண்டிருந்தார். வடக்கே திரும்புகிறவர்கள் யார், எத்தனை அடிப் படகு, எப்போது கிளம்புகிறார்கள் என்று குறித்துக்கொண்டார். பலர் சிரித்து அனுப்பிவைத்தார்கள். மதியத்துக்குள் நோட்டில் மூன்று ஜோடி சேர்ந்திருந்தது. அவருக்கே இன்னும் ஜோடி கிடைக்கவில்லை.