பயிற்சி இலவசம்தான்… பாப்பாவை யார் பார்த்துக்கறது?



"தொழில் பயிற்சிக்கு யாரெல்லாம் வர்றீங்க?" என்று குழுக் கூட்டத்தில் கேட்டால், கை தூக்குவது பெரும்பாலும் பிள்ளைகள் வளர்ந்துவிட்ட அக்காமார்கள்தான். கைக்குழந்தையோடு இருக்கும் இளம் தாய்மார்கள் பேசாமல் இருந்துவிடுகிறார்கள். உண்மையில் அவர்கள் குடும்பத்துக்குத்தான் வருமானம் ரொம்பத் தேவை. பால், மருந்து, அடுத்து பள்ளிக்கூடம் என்று செலவு ஏறிக்கொண்டே போகும் காலம் அது.

அரசு என்ன தருகிறது?

பெரும்பாலான மாவட்டங்களில் முன்னோடி வங்கி நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்பு பயிற்சி நிலையம், அதாவது ஆர்செட்டி இருக்கிறது. 18 வயது நிறைந்தவர்கள் சேரலாம். கட்டணம் இல்லை, சாப்பாடும் தங்கும் இடமும் இலவசம். பயிற்சி முடிந்த பிறகு வங்கிக் கடன் கிடைக்கவும் வழிகாட்டுவார்கள். 2014-இல் தொடங்கிய தீன தயாள் உபாத்யாயா ஊரகத் திறன் பயிற்சித் திட்டம் சம்பள வேலைக்கு ஆள் தயார் செய்வது. அதில் வயது வரம்பு பொதுவாக 35. பெண்கள் உள்ளிட்ட சில பிரிவினருக்கு 45.

பயிற்சிக்கு ஆகும் பணத்தை அரசு போடுகிறது. ஆனால் பால் குடிக்கும் குழந்தையை விட்டுவிட்டு ஒரு மாதம் வெளியூரில் தங்க முடியுமா? பக்கத்து ஊர் வகுப்பாக இருந்தாலும் காலையில் போய் சாயங்காலம்தான் திரும்ப முடியும். மாமியார் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் குழந்தையைப் பார்க்க ஆள் இல்லை. நாலு நாள் போய்விட்டு நின்றுவிடுகிறார்கள். அந்த இடமும் வீணாகிறது.

நம் கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

அரசு கொடுக்காத அந்தச் சின்னச் செலவை நாம் ஏற்கலாம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், வாங்க.

5 தாய்மார்கள், 30 நாள் தையல் பயிற்சி என்று வையுங்கள்.

• குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவருக்கு நாளுக்கு 400 ரூபாய் வீதம் 30 நாளுக்கு: ரூ.12,000
• 5 குழந்தைகளுக்குப் பால், தின்பண்டம், தலைக்கு நாளுக்கு 20 ரூபாய் வீதம்: ரூ.3,000
• மொத்தம்: ரூ.15,000

கூட்டமைப்பில் 30 குழுக்கள் இருந்தால் ஒரு குழுவுக்கு 500 ரூபாய்தான். 12 பேர் உள்ள குழுவில் தலைக்கு 42 ரூபாய்கூட வராது. கூட்டமைப்புக்கு வரும் சந்தா, கடன் வட்டி வருமானத்தில் இருந்தே இதை ஒதுக்கிவிடலாம். அரசு கொடுத்த நிதியைத் தொடுவதாக இருந்தால் மட்டும் வட்டார அலுவலகத்தில் விதிமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் தீர்மானம் போடுங்கள். எத்தனை பேருக்கு, எத்தனை நாளுக்கு, எவ்வளவு என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

2. மூன்று வயதுக்குக் கீழே குழந்தை உள்ளவர்கள், கணவர் இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்ப்பவர்கள், இவர்களுக்கு முன்னுரிமை கொடுங்கள்.

3. குழந்தை பராமரிப்புச் செலவைக் கடனாகக் கொடுக்காதீர்கள். வருமானம் வருவதற்கு முன்னாலேயே கடன் ஏறினால் பயந்து ஒதுங்குவார்கள். பயிற்சி முடித்தபின் வாங்கும் தையல் மெஷினுக்கு வேண்டுமானால் உள்கடன் கொடுக்கலாம்.

4. பார்த்துக்கொள்ளும் வேலையை நம் உறுப்பினர் ஒருவருக்கே கொடுங்கள். அவருக்கும் ஒரு மாத வருமானம். வருகைப் பதிவேடு பார்த்து வாராவாரம் கூலி கொடுங்கள்.

5. ஆர்செட்டி இயக்குநரிடம் முன்கூட்டியே பேசுங்கள். போதிய ஆட்கள் சேர்ந்தால் ஊருக்கே வந்து நடத்தும் வகுப்புகளும் உண்டு. அப்படி வந்தால் மதியம் ஒரு எட்டுப் போய்க் குழந்தைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம்.

6. பால்னா திட்டத்தில் அங்கன்வாடியோடு சேர்ந்த குழந்தைகள் காப்பகம் உங்கள் பக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். 6 மாதம் முதல் 6 வயது வரை உள்ள குழந்தைகளுக்கானது அது. இருந்தால் நம் செலவு குறையும்.

அப்பாக்களுக்கும் பங்கு உண்டு

குழந்தை அம்மாவுக்கு மட்டும் சொந்தமா என்ன? பயிற்சிக்குப் பெயர் கொடுக்கும்போதே கணவரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். வேலை இல்லாத நாளில் அவர் பார்த்துக்கொள்ளட்டும். அவரும் இளைஞர்தான்; டிரைவிங், செல்போன் பழுதுபார்ப்பு என்று அவரும் பயிற்சிக்குப் போகலாம். இரண்டு பேரும் ஒரே மாதத்தில் போகாமல் மாற்றி மாற்றிப் போனால் போதும்.

"எங்க காலத்துல இதெல்லாம் யார் செஞ்சா?" என்று சில அக்காமார்கள் கேட்கலாம். நமக்கு யாரும் செய்யவில்லை என்பது உண்மைதான். அதனால் எத்தனை பேர் தொழில் கற்காமலே கூலி வேலையில் நின்றுவிட்டோம் என்பதும் நமக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் இரண்டு பட்டியல் எடுங்கள்: நம் குழுக்களில் ஐந்து வயதுக்குக் கீழே குழந்தை உள்ள உறுப்பினர்கள் எத்தனை பேர்? அவர்களில் பயிற்சி முடித்தவர்கள் எத்தனை பேர்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நாம் செய்ய வேண்டிய வேலை.