95 டிகிரியில் தகித்த கார்டு... கேபிள் டை போட்டுக் கட்டிய வாட்டர் கூலர்!

95 டிகிரி செல்சியஸ். இன்னும் 5 டிகிரி ஏறினால் தண்ணீரே கொதித்துவிடும். 2013 அக்டோபரில் ஏ.எம்.டி நிறுவனம் வெளியிட்ட ‘ரேடியான் ஆர்9 290எக்ஸ்’ கிராபிக்ஸ் கார்டு, கேம் ஓடும்போது சாதாரணமாக எட்டிய சூடு இது. பழுதெல்லாம் இல்லை, அந்தச் சூட்டில் வேலை செய்யும்படிதான் வடிவமைத்திருக்கிறோம் என்றது நிறுவனம்.

கம்ப்யூட்டர் திரையில் ஓடும் காட்சிகளை நொடிக்குப் பல முறை வரைந்து தள்ளுவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. அதில் இது அன்றைய கில்லாடி. விலை 549 டாலர். ஆனால், உள்ளே இருந்த ஒற்றை ஃபேன் வேகமெடுத்தால் பக்கத்தில் ஹேர் டிரையர் ஓடுவது போல இரைச்சல். சத்தம் வேண்டாமென்று ஃபேனைக் குறைத்தால், 95-ஐத் தாண்டாமலிருக்க கார்டே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசுக்கு ஒன்று, காது வலி. இல்லையென்றால் வேகக் குறைவு.

கம்ப்யூட்டர் பிரியர்கள் சும்மா இருப்பார்களா? ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டு, பிராசஸருக்காகத் தயாரான வாட்டர் கூலரை அந்த இடத்தில் மாட்ட ஆரம்பித்தார்கள்.

மீன்தொட்டி பம்ப், கார் ஹீட்டர்

ஏன் தண்ணீர்? ஒரே அளவு காற்றோடு ஒப்பிட்டால், தண்ணீர் 3,000 மடங்குக்கும் அதிகமான வெப்பத்தைச் சுமக்கும். சிப்பின் மேல் ஒரு செம்புத் தகடு, அதற்குள் ஓடும் தண்ணீர், சூடான தண்ணீரை ஆற்ற ஒரு ரேடியேட்டர். கார் இன்ஜினில் இருக்கும் அதே ஏற்பாடுதான்.

சொல்லப்போனால், ஆரம்பத்தில் காரிலிருந்தே எடுத்தார்கள். 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இதற்கென்று கடைச் சரக்கு அதிகம் கிடையாது. 1977 மாடல் பாண்டியாக் பான்வில் காரின் ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர், ஜெர்மனியின் ஐஹைம் மீன்தொட்டி பம்ப், கையால் துளையிட்ட செம்புக் கட்டி என்று சேர்த்துக் கட்டிய காலம் அது.

பிறகு, 2009-ல் வந்த கோர்செய்ர் எச்50 போன்ற கூலர்கள் வேலையைச் சுலபமாக்கின. பம்ப், செம்புத் தகடு, குழாய், ரேடியேட்டர் எல்லாம் ஒன்றாக இணைத்து, திரவத்தையும் நிரப்பி, சீல் வைத்தே வந்துவிடும். ஒரே சிக்கல், அவை பிராசஸருக்கென்று செய்யப்பட்டவை.

எங்கே இடிக்கும்?

பிராசஸரின் தலையில் உலோக மூடி இருக்கும். கிராபிக்ஸ் சிப்புக்கு அது கிடையாது, சிலிக்கான் அப்படியே வெளியில் தெரியும். சிப்பைச் சுற்றி உள்ள நான்கு ஸ்க்ரூ துளைகளும் நெருக்கமாக இருக்கும். கூலரோடு வரும் பிராக்கெட் அதில் உட்காரவே உட்காராது.

சிலர் பிராக்கெட்டை அறுத்துப் புதுத் துளை போட்டார்கள். பலர் இன்னும் எளிய வழியைப் பிடித்தார்கள். நான்கு துளைகளிலும் பிளாஸ்டிக் கேபிள் டை விட்டு, கூலரை இழுத்துக் கட்டிவிட்டார்கள்! பார்க்கச் சிரிப்பு வரும். ஆனால், 95-ல் நின்ற சிப் 60 டிகிரியை ஒட்டி இறங்கியது.

இதில் கைப்பக்குவம் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் இறுகினால் மூடியில்லாத சிலிக்கானின் ஓரம் சில்லு பெயர்ந்துவிடும். அத்தோடு கார்டு கதை முடிந்தது. கார் டயரின் நட்டை முடுக்குவது போல, எதிரெதிர் மூலையாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். சில கார்டுகளில் சுற்றியுள்ள பாகங்கள் சிப்பைவிட உயரமாக இருந்து, கூலரின் அடித்தகட்டைத் தடுக்கும். அப்போது நடுவில் மெல்லிய செம்புத் துண்டு ஒன்றை வைக்க வேண்டும். மாட்டிய பிறகு ஒருமுறை கழற்றி, தெர்மல் பேஸ்ட் சிப் முழுக்கச் சீராக அழுந்தியிருக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம். சோம்பல்பட்டு இதைத் தவிர்க்கக் கூடாது.

அந்த ஆண்டு முடிவதற்குள் என்.இசட்.எக்ஸ்.டி நிறுவனம் ‘கிராகன் ஜி10’ என்ற இரும்பு பிராக்கெட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை சுமார் 30 டாலர். கேபிள் டைக்கு வேலை இல்லாமல் போனது. அதில் கவனிக்க வேண்டிய விஷயம், கூடவே வந்த 92 மில்லிமீட்டர் ஃபேன். தண்ணீர்தான் இருக்கிறதே, ஃபேன் எதற்கு?

அந்த 60 டிகிரி முழுக் கதை அல்ல

இந்த வேலையில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கம்பெனி மாட்டிய பழைய கூலர் சிப்பை மட்டும் குளிர்விக்கவில்லை. அதன் அடித்தகடு, சுற்றியுள்ள 16 மெமரி சிப்களையும், மின்சாரத்தைப் பக்குவப்படுத்தும் வி.ஆர்.எம் பகுதியையும் சேர்த்தே பார்த்துக்கொண்டது. அதைக் கழற்றினால் இவையெல்லாம் வெறும் மேனியாக நிற்கும்.

வி.ஆர்.எம் லேசுப்பட்ட ஆள் இல்லை. 12 வோல்ட்டை வாங்கி, சிப்புக்குத் தேவையான ஏறத்தாழ 1 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. வோல்டேஜ் குறையும்போது கரன்ட் கூடும். 200 வாட்டுக்கு மேல் குடிக்கும் சிப்புக்கு 150 ஆம்பியரைத் தாண்டியும் அனுப்ப வேண்டியிருக்கும். விரல் நகம் அளவுள்ள சில பாகங்கள் இதைச் சுமக்கின்றன. காற்றும் இல்லை, தகடும் இல்லையென்றால் அவை 100 டிகிரியைக் கடந்து போகும். திரையிலோ சிப்பின் வெப்பம் 60 என்று சமர்த்தாகக் காட்டும். சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்துவிடும்.

அதனால்தான் ஜி10-ல் ஃபேன். அனுபவசாலிகள் அதோடு நிற்காமல், குட்டிக் குட்டி ஹீட்சிங்க்குகளை வெப்பம் கடத்தும் டேப்பால் வி.ஆர்.எம் மீது ஒட்டினார்கள். 290எக்ஸ் கார்டில் வி.ஆர்.எம் வெப்பத்தைத் தனியாகக் காட்டும் சென்சார் உண்டு. ஜி.பி.யூ-இசட் என்ற இலவச மென்பொருளில் அதைப் பார்க்கலாம். கூலரை மாற்றியவர் முதலில் பார்க்க வேண்டிய எண் அதுதான். சிப்பின் எண் அப்புறம்.

கம்பெனியும் அதே வழிக்கு வந்தது. 2014-ல் ஏ.எம்.டி வெளியிட்ட 500 வாட் ஆர்9 295எக்ஸ்2 கார்டில் இரண்டு சிப்களுக்கும் தண்ணீர், வி.ஆர்.எம்-முக்கு நடுவில் தனி ஃபேன். 2015-ல் வந்த ஃப்யூரி எக்ஸில் வி.ஆர்.எம் மீதும் தண்ணீர் போகும் செம்புக் குழாயை ஓட்டிவிட்டார்கள்.

கை வைக்கும் முன்...

கூலரைக் கழற்றினால் வாரன்டி போகலாம். விதிமுறையைப் படித்துவிட்டுத் தொடுங்கள். ரேடியேட்டரின் மேல் பகுதி பம்பைவிட உயரத்தில் இருக்கட்டும். இல்லையென்றால் காற்றுக் குமிழ் பம்பில் போய்த் தங்கும். செகண்ட் ஹேண்ட் கூலர் என்றால் யோசியுங்கள், சீல் வைத்த குழாய் வழியாகவும் திரவம் ஆண்டுக்கணக்கில் மெல்ல ஆவியாகும். தனித்தனியாகப் பாகங்கள் வாங்கிச் சேர்ப்பவர்கள் செம்பையும் அலுமினியத்தையும் ஒரே தண்ணீரில் கலக்கக் கூடாது, அலுமினியம் அரித்துவிடும். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், உப்பு படியும்.

எவ்வளவு செலவழித்தாலும், ரேடியேட்டர் அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீரைக் குளிர்விக்காது. மே மாத மதியத்தில் அறை 38 டிகிரியில் இருந்தால், கணக்கு அந்த 38-லிருந்துதான் ஆரம்பிக்கும்.